செம்போத்து வேண்டாம் டீச்சர்!

கேள்வி: தேனி மாவட்டத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். மேகமலை, கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் பார்க்கிற பறவைகளைப் பற்றிச் சில ஆண்டுகளாக பிளாக்ஸ்பாட்டில் எழுதி வருகிறேன். பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு வருகிறவர்களிடம் என் வலைப்பூ முகவரியைச் சொன்னால் யாருக்கும் சரியாக அடிக்க வரவில்லை. சொந்தமாக ஒரு டொமைன் வாங்கலாம் என்று இருக்கிறேன். ‘மேகமலைப் பறவைகள்’, ‘செம்போத்து’, ‘ஈபேர்ட் தமிழ்’ என்று மூன்று பெயர் யோசித்து வைத்திருக்கிறேன். என் சொந்தப் பெயரைப் போட விருப்பமில்லை. .காம் நல்லதா, .இன் நல்லதா, தமிழ் எழுத்திலேயே வாங்கலாமா? முதல் வருடம் 99 ரூபாய் என்று விளம்பரம் வருகிறது. எங்கள் ஊர் கம்ப்யூட்டர் சென்டர் தம்பி தானே வாங்கித் தருவதாகச் சொல்கிறார், பெயரில் ‘தமிழ்நாடு பறவைகள்’ என்று இருந்தால்தான் கூகுளில் முதலில் வரும் என்றும் சொல்கிறார். என்ன செய்யலாம்?

வணக்கம் டீச்சர்.

முதலில் ‘ஈபேர்ட் தமிழ்’ பெயரை அடித்துவிடுங்கள், அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஈபேர்ட் என்பது அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002 முதல் நடத்துகிற தளம், பொங்கல் கணக்கெடுப்புப் பட்டியலை நீங்களே அதில்தான் ஏற்றியிருப்பீர்கள். அடுத்தவர் பெயரை உள்ளே வைத்து டொமைன் வாங்கினால் நல்ல எண்ணத்தில் செய்தேன் என்பது மட்டும் காப்பாற்றாது. .காம் போன்றவற்றுக்கு 1999 முதலே ஒரு புகார் நடைமுறை இருக்கிறது, .இன்னுக்குத் தனியாக ஒன்று இருக்கிறது, நம் உச்ச நீதிமன்றமும் 2004-ல் சத்யம் இன்ஃபோவே வழக்கில், டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்குக் கிடைக்கிற மாதிரியான பாதுகாப்பு உண்டு என்று சொல்லிவிட்டது. உங்கள் மேல் யாரும் வழக்குப் போடப்போவதில்லை என்றே வைத்துக்கொள்வோம். என்றைக்காவது ‘பெயரை மாற்றிக்கொள்ள முடியுமா’ என்று மரியாதையாக ஒரு மெயில் வந்தால்கூட மாற்றத்தான் வேண்டும், அதற்குள் பல வருடக் கட்டுரைகள் அந்த முகவரியில் ஏறியிருக்கும்.

அடுத்தது ‘செம்போத்து’. பெயராகக் கேட்க அருமை. பறவை பார்க்காதவருக்கும் தெரிந்த பறவை, சின்னப் பெயர், மண் வாசனையும் இருக்கிறது. ஆனால் இதை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவீர்கள்? முதல் எழுத்து எஸ்ஸா, சிஎச்சா? நடுவில் பி-யா (b), அல்லது ‘போ’ என்பதற்கு அந்த இன்னொரு பி-யா (p)? ‘த்து’வுக்கு ஒரு டிஎச் போதுமா, டி ஒன்று கூடச் சேர்க்க வேண்டுமா? இந்த மூன்று சந்தேகத்துக்கே எட்டு விதமான ஸ்பெல்லிங் வந்துவிட்டது, எட்டுமே தப்பில்லை, ஆளுக்கு ஒன்று எழுதுவார்கள். உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிற ‘யாருக்கும் சரியாக அடிக்க வரவில்லை’ என்ற வரிதான் உண்மையான பிரச்சினை, புதிதாகக் காசு கொடுத்து வாங்கும் பெயரும் அதே பிரச்சினையோடு வந்தால் பிளாக்ஸ்பாட்டிலேயே இருந்துவிடலாம்.

டொமைன் பெயர் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆலோசனைகளைப் படித்தால் ‘சின்னதாக வையுங்கள், கவர்ச்சியாக வையுங்கள்’ என்று இருக்கும். நமக்கு அது மட்டும் போதாது. நாம் தமிழில் பேசுகிற பெயரை ஆங்கில எழுத்தில் அடிக்கிறோம், அதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே முறை நடைமுறையில் இல்லை. ஆகவே பெயர் தேடும்போதே எழுத்துப் பார்த்துத் தேட வேண்டும். நீங்கள் ஆசிரியை என்பதால் இலக்கண வார்த்தையிலேயே சொல்கிறேன்: முடிந்தவரை குறிலாகப் பாருங்கள். நெடில் வந்தால் ஒருவர் ஏ ஒன்று போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார், ‘ஊ’ வந்தால் யு-வா, இரண்டு ஓ-வா என்று நிற்பார்கள். ழ வேண்டவே வேண்டாம், இசட்எச் போடுகிறவர்கள் பாதி, எல் போடுகிறவர்கள் மீதி, மழையும் மலையும் ஒன்றாகிவிடும். ச வந்தால் எஸ்/சிஎச் தகராறு. வார்த்தைக்கு நடுவில் வருகிற க, ட, த, ப எல்லாமே இரண்டு மூன்று விதமாக எழுதப்படுகிறவை. ஒற்று இரட்டித்தால் அதையும் இரட்டித்து எழுதலாமா வேண்டாமா என்ற குழப்பம் தனி. மிச்சம் என்ன இருக்கிறது என்கிறீர்களா? ம, ந, ன, ல, ள, ர, வ, ய இருக்கின்றன, வார்த்தை தொடங்கும் இடத்தில் க, ப இருக்கின்றன. குருவி, குயில், கிளி, மயில், மரம், வனம், மலை, இலை, வயல், நிலம் என்று இதற்குள்ளேயே உங்களுக்கு வேண்டிய உலகம் முழுக்க இருக்கிறது டீச்சர்.

இரண்டு சொல்லைச் சேர்க்கும்போது ஒட்டுகிற இடத்தையும் பாருங்கள். முதல் சொல் முடிகிற எழுத்திலேயே அடுத்த சொல் தொடங்கினால், ‘அங்கே ஏ ஒன்றா இரண்டா’ என்று போனில் கேட்பார்கள். வல்லினம் மிகும் இடமும் அப்படித்தான், ‘மேகமலைப் பறவைகள்’ என்று சரியாக எழுதுகிற உங்களுக்கு அந்த ப்-ஐ விட மனசு வராது, அடிக்கிறவர் அதைப் போடமாட்டார். நடுக்கோடு போட்டுப் பிரிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். விதிப்படி கோடு போடலாம், முதலிலும் கடைசியிலும் மட்டும் வரக்கூடாது, ஒரு பெயர் 63 எழுத்து வரை போகலாம், பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. ஆனால் முகவரி சொல்லும்போதெல்லாம் ‘நடுவில் ஒரு கோடு இருக்குங்க’ என்று சொல்லிக்கொண்டே இருக்க முடியுமா? எண்ணும் வேண்டாம், எண்ணாகவா எழுத்தாகவா என்று கேள்வி வரும்.

இப்போது ‘மேகமலைப் பறவைகள்’. ஒற்றை விட்டுவிட்டுப் பார்த்தாலும் ஆங்கிலத்தில் 19 எழுத்து. போனில் அடிக்கிறவருக்கு அது நீளம். மேகமலையை ஜி-யோடு நிறுத்துகிறவர்களும் உண்டு, ஜிஎச் போடுகிறவர்களும் உண்டு, அரசாங்கக் காகிதங்களிலேயே இரண்டும் வருகின்றன. ‘கள்’ என்பதற்கு ஜி-யா கே-யா என்பதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய விஷயம், ஊர்ப் பெயர் உங்களைக் கட்டிப்போடும். நீங்கள் ஆசிரியை, நாளைக்கு மாறுதலில் ராமநாதபுரம் போகலாம், அங்கே நாரைகளைப் பார்த்து எழுதலாம், அப்புறம் முகவரி மேகமலை என்றும் கட்டுரை கடற்கரை என்றும் இருக்கும். இன்னொன்றும் இருக்கிறது: ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021-ல் அறிவிக்கப்பட்டது, மேகமலை என்று தேடுகிறவருக்கு அந்தச் செய்தி, வனத்துறை அறிவிப்பு, தங்கும் விடுதி விளம்பரம் எல்லாம் வந்து நிற்கும். அந்தக் கூட்டத்துக்குள் உங்கள் பெயர் தனியாகத் தெரியாது. ஊரை விடாமல் எழுதுகிறவர், ஊருக்காகவே எழுதுகிறவர் என்றால் ஊர்ப் பெயர் சரிதான், அது வேறு கதை. உங்கள் வலைப்பூவுக்கு மேகமலை ஒரு லேபிளாக இருக்கட்டும்.

கூகுள் விஷயத்தில் கம்ப்யூட்டர் சென்டர் தம்பி சொல்வது ஒரு காலத்து உண்மை. தேடுகிற வார்த்தையையே டொமைனாக வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே சரக்கே இல்லாமல் முதல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தளங்கள் நிறைய இருந்தன. கூகுள் 2012 செப்டம்பரில் குறிப்பாக அந்த வகைத் தளங்களைக் கீழே தள்ள ஒரு மாற்றம் கொண்டுவந்தது. இன்றைக்கு ‘தமிழ்நாடு பறவைகள்’ என்று டொமைனில் இருப்பதால் மட்டும் மேலே வரப்போவதில்லை. ஒரு கட்டுரைக்கு ‘இருவாச்சி எங்கே பார்க்கலாம்’ என்று தெளிவாகத் தலைப்பு வைத்து, படத்துக்குக் கீழே பறவையின் பெயரை எழுதினீர்களானால் அதில் கிடைக்கிற பலன் இதைவிட அதிகம்.

சரி, .காமா .இன்னா? என் வாக்கு முதலில் .காமுக்கு, காரணம் ஒன்றே ஒன்று: பெயர் ஞாபகம் இருந்து வால் மறந்துபோனவர் தானாக .காம் என்றுதான் அடிக்கிறார். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் வாசகர்கள் உங்களுக்கு இருந்தால் அவர்களுக்கும் அது உறுத்தாது. .இன்னில் குறை ஒன்றும் இல்லை, 2005-ல் எல்லோருக்கும் திறந்துவிட்ட பிறகு நிக்சி என்கிற தேசிய அமைப்பின் பொறுப்பில் ஒழுங்காக நடக்கிறது, .காம் காலியாக இல்லாதபோது தயங்காமல் எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். அதே பெயரில் .காம் யாரிடமாவது இருந்து, அதுவும் உயிரோடு நடக்கிற ஒரு தமிழ்த் தளமாக இருந்தால், அந்தப் பெயரையே விட்டுவிடுங்கள். உங்கள் வாசகர்களில் கொஞ்சம் பேர் காலாகாலத்துக்கும் அங்கே போய் நிற்பார்கள்.

.பிளாக், .சைட், .ஆன்லைன் என்று புதுப் புது வால்கள் வந்திருக்கின்றன. கூகுள் அவற்றை மட்டமாக நடத்துவதில்லை. ஆனால் நம் ஊரில் வாயால் சொன்னால் ‘.பிளாக்.காமா?’ என்று திருப்பிக் கேட்பார்கள். இலவச வால்கள் பக்கம் போகவே வேண்டாம். .டிகே, .ஜிஏ, .எம்எல் என்று சில நாடுகள், தீவுகளின் வால்களை ஒரே நிறுவனம் இலவசமாக வாரிக் கொடுத்துக்கொண்டிருந்தது, 2023 ஜூனில் காபோன் நாடு தன்னுடைய .ஜிஏ-வைத் திரும்ப எடுத்துக்கொண்டபோது 70 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள் ஒரேயடியாக அழிக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை குப்பையும் மோசடியும்தான், அதற்காக நடுவில் ஒரு நல்ல வலைப்பூ இருந்திருந்தால் அதை யாரும் தனியாக எடுத்து வைத்திருக்கப்போவதில்லை.

உங்கள் பழைய முகவரியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிளாக்ஸ்பாட்டை நடத்துகிற கூகுள்காரர்கள் அதன் வாசகர்களை 2012 வாக்கில் இந்தியாவில் பிளாக்ஸ்பாட்.இன் என்ற முகவரிக்குத் திருப்பிவிட்டார்கள், ஞாபகம் இருக்கலாம். அந்தக் காலத்தில் நிறையப் பேர் பிரவுசரில் தெரிந்த அந்த .இன் முகவரியையே காப்பி செய்து ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார்கள். 2020-ல் அந்த டொமைன் காலாவதியாகி கூகுள் கையை விட்டே போய் வேறு யாரோ வாங்கிவிட்டார்கள், பகிர்ந்திருந்த இணைப்புகள் எல்லாம் செத்தன. கூகுளுக்கே ரின்யூவல் தவறும் என்றால் நமக்குத் தவறாதா? ஆகவே சொந்த டொமைன் என்ற உங்கள் முடிவு ரொம்பச் சரி, கூடவே ரின்யூவலை நீங்களே கவனிக்க வேண்டும் என்பதும் சேர்ந்துதான் வருகிறது.

தமிழ் எழுத்தில் வாங்குவது பற்றி. வாங்கலாம், ‘.இந்தியா’ என்று தமிழ் எழுத்திலேயே முடிகிற முகவரி இருக்கிறது, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்றும் இருக்கின்றன. பார்க்கவும் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளுக்குள் அந்தப் பெயர் ஆங்கில எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் வேலை செய்கிறது, எக்ஸ்என் என்று தொடங்கி இரண்டு கோடு போட்டு, பிறகு யாருக்கும் வாசிக்க வராத ஒரு கோர்வை. பல இடங்களில் காப்பி செய்து ஒட்டினால் தமிழுக்குப் பதிலாக அந்தக் கோர்வைதான் வந்து விழும், வாட்ஸ்அப் குழுவில் அதைப் பார்க்கிறவர் வைரஸ் என்று நினைத்துத் தொடமாட்டார். மெயில் முகவரி அதில் வைத்துக்கொண்டால் பாதிப் படிவங்கள் ஏற்காது. தட்டச்சில் வேறொரு வம்பும் இருக்கிறது: ‘கௌதாரி’ என்று பெயர் வைத்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், கௌ என்பதைச் சரியான ஔகாரக் குறியோடு அடிக்கிறவரும் உண்டு, கெ அடித்து அதன் பக்கத்தில் ள போடுகிறவரும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு வேறு முகவரி. ஆசைக்கு ஒன்று வாங்கி முதன்மை முகவரிக்குத் திருப்பிவிடலாம், வீட்டு வாசல் அதுவாக இருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

99 ரூபாய்க்கு வருவோம். .காமின் மொத்த விலையே, அதாவது அதை நடத்துகிற வெரிசைன் நிறுவனம் விற்பனையாளரிடம் வாங்குகிற தொகையே, 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. அதன் மேல் விற்பனையாளர் லாபம், 18 சதவீத ஜிஎஸ்டி. 99 ரூபாய்க்குக் கொடுக்கிறவர் முதல் வருடம் நஷ்டத்தில் கொடுத்து இரண்டாம் வருடம் உங்களிடம் எடுக்கப்போகிறார் என்பது கணக்குப் போட்டாலே தெரியும். வாங்கக்கூடாது என்று சொல்லவில்லை, வாங்கும் முன் ரின்யூவல் விலை என்ன என்ற வரியைத் தேடிப் படியுங்கள், ஆயிரத்துச் சொச்சம் என்றால் நியாயம். கூடவே ஹோஸ்டிங், எஸ்எஸ்எல், ‘எஸ்இஓ பேக்’ என்று தள்ளுவார்கள், பிளாகரிலேயே, அதாவது பிளாக்ஸ்பாட்டுக்குப் பின்னால் இருக்கிற கூகுள் சேவையிலேயே, தொடரப்போகிற உங்களுக்கு இதில் ஒன்றுகூடத் தேவையில்லை. பதிவு விவரத்தில் உங்கள் பெயர், விலாசம் வெளியே தெரியாமல் மறைக்கிற வசதி .காமுக்கு இலவசமாக வருகிறதா என்று பாருங்கள், பெயர் போட விருப்பமில்லாத உங்களுக்கு அது முக்கியம். அதற்காகப் பொய்ப் பெயரில் பதியக்கூடாது, கண்டுபிடித்தால் முடக்கிவிடுவார்கள்.

இனி அந்தத் தம்பி. நல்ல பையனாகவே இருக்கட்டும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கட்டும், ஆனால் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் போன் நம்பரில் தொடங்க வேண்டும். டொமைனை அடுத்தவர் கணக்கில் வாங்குவது, நம் காசில் நிலம் வாங்கிப் பட்டாவை அவர் பெயரில் எழுதுவதுதான். என்னிடம் வருகிற வேலைகளில் அடிக்கடி வருவது இந்தப் பஞ்சாயத்துதான்: தளம் செய்து கொடுத்தவர் துபாய் போயிருப்பார், அல்லது கடையை மூடியிருப்பார், அல்லது பணத் தகராறில் போனை எடுக்கமாட்டார், டொமைன் அவர் கணக்கில் கிடக்கும், காலாவதி மெயில் அவருக்குப் போகும், காசு கொடுத்தவருக்குத் தளம் படுத்த பிறகுதான் தெரியும். தம்பி ஏற்கெனவே வாங்கிவிட்டார் என்றாலும் பதற வேண்டாம், பதிந்து 60 நாள் ஆன பிறகு மாற்றுக் குறியீடு ஒன்றை அவரிடம் வாங்கி உங்கள் கணக்குக்கு இழுத்துவிடலாம், நீங்களும் அதே ரெஜிஸ்ட்ராரிடம், அதாவது டொமைன் விற்கிற அதே நிறுவனத்திடம், கணக்கு வைத்தால் இன்னும் சுலபம்.

கணக்குக்குக் கொடுக்கிற மெயில், வாங்கப்போகிற டொமைனிலேயே இருக்கக்கூடாது. டொமைன் நின்றால் மெயிலும் நிற்கும், எச்சரிக்கை வராது. ஆட்டோ ரின்யூவலை நம்பியும் இருக்காதீர்கள். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புது விதி வந்ததிலிருந்து வெளிநாட்டு நிறுவனங்கள் நம் கார்டில் தானாகப் பணம் எடுப்பது பல நேரம் தோற்றுப்போகிறது. ஒரே தடவையில் 10 வருடம் வரை கட்டலாம், மூன்று வருடத்துக்குக் கட்டிவிட்டு, முடிகிற தேதிக்கு ஒரு மாதம் முன்னால் போன் காலண்டரில் குறித்து வையுங்கள். ஒருவேளை தவறிவிட்டால், .காமுக்குப் பெரும்பாலும் சில வாரம் சாதா விலையிலேயே மீட்கலாம், பிறகு 30 நாள் கூடுதல் அபராதத்தோடு மீட்கலாம், அதன் பிறகு 5 நாளில் பொதுவுக்குப் போய்விடும். பழைய பெயர்களுக்காகக் காத்திருந்து வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் படிக்கிற வலைப்பூ அப்படிப் போகக்கூடாது.

அதே காரணத்துக்காக, நீங்கள் வாங்கப்போகிற பெயரின் பூர்வீகத்தையும் பாருங்கள். வேபேக் மெஷின் என்கிற இணைய ஆவணக் காப்பகத்தில் அந்த முகவரியை அடித்தால், முன்பு யாராவது வைத்திருந்தார்களா, என்ன போட்டிருந்தார்கள் என்று தெரியும். அசிங்கமாக ஏதாவது இருந்தால் வேறு பெயர். யூடியூப், இன்ஸ்டாகிராமில் அதே பெயரில் யாராவது பறவை வீடியோ போடுகிறார்களா என்றும் ஒரு பார்வை. ‘பிரீமியம் பெயர், இரண்டு லட்சம்’ என்று காட்டினால் சிரித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போங்கள்.

என் பங்குக்கு மூன்று பெயர் சொல்கிறேன்: குருவிமரம், குயில்மலை, கிளிவனம். மூன்றும் நான் மேலே சொன்ன எழுத்துக் கணக்குக்குள் வருகின்றன, எந்த ஊருக்கும் போகலாம், பறவை என்பதும் தெரிகிறது. எனக்குக் குருவிமரம் பிடித்திருக்கிறது. காலியாக இருக்கிறதா என்பதை வாங்குகிற நேரத்தில் ரெஜிஸ்ட்ராரின் பக்கத்தில் பாருங்கள். இல்லாவிட்டால் அந்தச் சொல் பட்டியலை வைத்து உங்கள் பிள்ளைகளையே பெயர் கோக்கச் சொல்லுங்கள், நம்மைவிட நன்றாகச் செய்வார்கள். பணம் கட்டும் முன் ஒரு சோதனை: பெயரை எழுதாமல், வாய்ஸ் மெசேஜில் மட்டும் சொல்லி, ஐந்தாறு பேருக்கு அனுப்பி, ஆங்கில எழுத்தில் அடித்துத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவர், காலேஜ் பையன் ஒருவன், சென்னைக்காரர் ஒருவர் என்று கலந்து இருக்கட்டும். எல்லோரும் ஒரே மாதிரி அடித்தால் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

வாங்கிய பிறகு பிளாகர் அமைப்புகளில் ‘கஸ்டம் டொமைன்’ என்ற இடத்தில் மூன்று டபிள்யூவோடு முகவரியைக் கொடுங்கள். அது இரண்டு சிநேம் (CNAME) வரிகளைக் காட்டும், அவற்றை அப்படியே ரெஜிஸ்ட்ரார் கணக்கின் டிஎன்எஸ் (பெயரைத் தளத்தோடு இணைக்கிற அமைப்பு) பக்கத்தில் ஒட்ட வேண்டும், தம்பியின் உதவியை இந்த இடத்தில் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பிளாக்ஸ்பாட் இணைப்புகளைத் தொடுகிறவர்களை பிளாகரே புது முகவரிக்குக் கொண்டுவந்துவிடும், பழைய கட்டுரைகள் எதையும் திருத்த வேண்டியதில்லை. மூன்று டபிள்யூ இல்லாமல் அடிக்கிறவர்களுக்காக அதே பக்கத்தில் ‘ரீடைரக்ட் டொமைன்’ என்று ஒரு பொத்தான் இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள், அதற்கு ரெஜிஸ்ட்ரார் பக்கத்தில் கூடுதலாகச் சில வரி சேர்க்கச் சொல்லும். கடைசியாக எச்டிடிபிஎஸ்ஸை, அதாவது பாதுகாப்பான இணைப்பை, இயக்குங்கள். அது வேலை செய்ய ஒரு நாள்கூட ஆகலாம், அதுவரை பிரவுசர் ‘பாதுகாப்பற்ற தளம்’ என்று மிரட்டும், அதைப் பார்த்துவிட்டு ஒட்டியதை அழித்து மறுபடி ஒட்டாதீர்கள். இரண்டு நாள் கழித்தும் அப்படியே இருந்தால் டிஎன்எஸ் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.